எழுத்து சிதையாமல் அச்சிடுவது எப்படி?

கேள்வி: வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்காக ஊக்க வாசகங்களை இங்க்ஸ்கேப் மென்பொருளில் வடிவமைத்தேன். என் கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ் எழுத்துகள் அச்சகத்தில் சிதைந்துவிட்டன. என்ன செய்வது? பிற பள்ளிகளுக்கும் இவற்றை அனுப்பலாமா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லாததே பெரும்பாலும் இதற்குக் காரணம். இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி வகைக் கோப்பில் வழக்கமாக எழுத்துருவின் பெயர் மட்டுமே பதிவாகும் என்பதால், அது கிடைக்காத கணினியில் வேறோர் எழுத்துரு வந்து அமர்ந்து, வரிகளின் நீளமும் இடைவெளியும் குலைந்துவிடும். முதலில் பிழை திருத்தி, மூலக்கோப்பைத் தனியே சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் நகலில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிப்ட், சி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அவை வெறும் வடிவங்களாக மாறிவிடும். ஒற்றுப்பிழை இருந்தாலும் அதன்பின் தட்டச்சு செய்து திருத்த இயலாது. அந்த நகலை பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்குக் கொடுங்கள்.

ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். வீட்டு அச்சுப்பொறிகள் பல விளிம்புவரை அச்சிடுவதில்லை. சுற்றிலும் 10 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள்.

பிற பள்ளிகளுக்குத் தாராளமாக அனுப்பலாம்; ஆனால் வாசகம் யாருடையது என்பதைப் பாருங்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பொதுவாகப் பதிப்புரிமை உண்டு. படங்களுக்கும் உரிமம் பார்க்க வேண்டும். மாணவர்களையே ஒரு வரி எழுதச் சொல்லி, அவர்கள் ஒப்புதலோடு மீரா இனிமை போன்ற, யாரும் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற எழுத்துருவில் அமைப்பதையே நான் பெரிதும் விரும்புவேன்.