சீட்டுல எழுதுனது ஒண்ணு, கடையில வாங்குனது ஒண்ணு

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

(இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதி உதறுவாதம், அதாவது பார்கின்சன் பத்திதான், அதுலயும் மருந்துச் செலவு பத்திதான். அதனால மத்த கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.)

கேள்வி: சார், மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துல சின்னதா கிளினிக் வச்சிருக்கேன், எம்.பி.பி.எஸ். முடிச்சு கொஞ்ச வருஷந்தான் ஆகுது. நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போற மேஸ்திரியா இருந்த ஒரு பெரியவருக்கு பார்கின்சன். இப்ப மோசமாயிட்டே வர்றாரு, டவுன்ல பாக்குற நரம்பு டாக்டர் மூணாவதா ஒரு மாத்திரை சேத்து எழுதிட்டாரு. போன வாரம் அவரோட மருமக மட்டும் தனியா வந்து, "மாமா நாலு வேளை மாத்திரைய ரெண்டு வேளைதான் போடுறாரு, கட்டுப்படியாகல, பெரிய டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, அந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்து சொன்னதே பெரிய விஷயம், நிறைய வீட்டுல இது யாருக்குமே தெரியாது. என்ன நடக்குதுன்னு பாருங்க. காசு பத்தாம அவரு பாதி டோஸ் போடுறாரு, கை நடுக்கமும் கால் இழுக்குறதும் கூடுது, டாக்டர் வியாதி முத்திடுச்சுன்னு நினைச்சு இன்னொரு மாத்திரை சேக்குறாரு, மாசச் செலவு ஏறுது, அவரு இன்னும் கொறைக்குறாரு. மேல மதகை அடைச்சு வச்சுட்டு கடைமடையில தண்ணி வரலன்னு போர் போடுற கதைதான் இது. தண்ணி எங்க நிக்குதுன்னு பாக்காம எத்தனை போர் போட்டாலும் வீண்தான்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"ன்னு கேட்டா நம்ம ஊர்ல யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, டாக்டர் முன்னாடி இல்லன்னு சொல்றது மரியாதை இல்லன்னு ஒரு நினைப்பு, அதுலயும் மகன் பக்கத்துல நின்னா "ஒழுங்கா போடுறேங்கய்யா"ன்னு இன்னும் சத்தமாவே சொல்வாங்க. அதனால கேள்விய மாத்துங்க. "போன தடவை எத்தனை அட்டை வாங்குனீங்க, வீட்டுல இன்னும் எத்தனை இருக்கு, அட்டையெல்லாம் கையோட எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லுங்க, அட்டை பொய் சொல்லாது. இன்னொன்னு, மாசத்தையும் கவனிங்க. சம்பா அறுவடை முடிஞ்சு கையில காசு இருக்குற தை, மாசியில முழு டோஸ் வாங்குவாங்க, ஐப்பசி கார்த்திகை அடைமழையில வேலை கிடையாது, அப்ப அட்டை பாதியாயிடும். ஒரே ஆளு மாசியில நல்லா நடந்துட்டு கார்த்திகையில கட்டில்ல கிடந்தாருன்னா, வியாதிய விட பர்ஸ்தான் காரணமா இருக்கும்னு மொதல்ல சந்தேகப்படுங்க.

அந்தப் பொண்ணு சொல்லாதீங்கன்னு சொன்னதை மீறாதீங்க. அடுத்த தடவை பெரியவர் வரும்போது நீங்களே மேல சொன்ன மாதிரி கேளுங்க, "இந்த மருந்து நிறைய பேருக்கு கட்டுப்படியாகல, உங்களுக்கு எப்படி?"ன்னு பொதுவா ஆரம்பிச்சா மனுஷன் வாயத் தொறப்பாரு. அவரே சொன்னதுக்கப்புறம், அவரு சம்மதத்தோட, அந்த நரம்பு டாக்டருக்கு நாலு வரி லெட்டர் எழுதிக் குடுங்க: எழுதுனது நாலு வேளை, போடுறது ரெண்டு வேளை, காரணம் பணம். அவ்ளோதான். கோவிச்சுக்க மாட்டாரு, சரியான டோஸ் தெரியாம அவரும் இருட்டுலதான் எழுதிட்டு இருக்காரு. ஒரு எச்சரிக்கை, உண்மை தெரிஞ்ச உடனே நாளையிலேருந்து நாலு வேளையும் போடு, புதுசு மூணாவதையும் போடுன்னு ஒரே நாள்ல ஏத்திட வேண்டாம். வயசானவங்களுக்கு எந்திரிச்சு நின்னா பிரஷர் எறங்கும், இல்லாதது இருக்குற மாதிரி கண்ணுக்குத் தெரியும். படிப்படியா ஏத்தணும்.

அப்புறம் மருந்துச் சீட்டை மேசைல வச்சு நீங்களும் பெரியவரும் சேந்து சலிக்கணும். லெவோடோபா (மூளைல கொறைஞ்சுபோன டோபமைனை ஈடுகட்டுறது), கார்பிடோபா (அது மூளைக்குப் போறதுக்குள்ள வீணாகாம காக்குறது) சேந்த மாத்திரைதான் தூண், மத்ததெல்லாம் பக்கத்துல முட்டுக் குடுக்குறது. நல்ல விஷயம் என்னன்னா இந்த வியாதிக்கு நல்லா வேலை செய்யுற மருந்தும் இதுதான், மலிவானதுல ஒண்ணும் இதுதான், தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்குறதால விலைக்கு உச்சவரம்பு வச்சிருக்காங்க. இதை சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரமே பலிக்காமப் போயிடும்னு ஒரு பயம் டாக்டர்ங்ககிட்டயே இருக்கு, அதனாலயே விலை கூடுன மாத்திரைல ஆரம்பிக்குறவங்களும் உண்டு. பிரிட்டன்ல பிடி மெட்னு ஒரு பெரிய ஆய்வு, 2014ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, லெவோடோபால ஆரம்பிச்சவங்க பல வருஷம் கழிச்சும் நடமாட்டத்துல கொஞ்சம் மேலாவே இருந்தாங்க. வித்தியாசம் சின்னதுதான், ஆனா காசில்லாத அறுபத்தஞ்சு வயசுக்காரருக்கு அது போதுமான பதில். ரொம்ப சின்ன வயசுல வந்தவங்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் வேற, அதை நரம்பு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

நரம்பு டாக்டரை சீட்டுலயே வரிசை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. முதல் வரில இருக்குறதை கடன் வாங்கியாவது வாங்கணும், கடைசி வரில இருக்குறதைத்தான் கை கடிச்சா கொறைக்கணும், அதையும் டாக்டரைக் கேட்டுட்டு கொஞ்சங்கொஞ்சமா. இந்த வியாதில எந்த மருந்தையும் சட்டுனு நிறுத்தக் கூடாது, லெவோடோபாவ திடீர்னு விட்டா உடம்பு கட்டையாகி காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். இதை குடும்பத்துக்கிட்டயும் சொல்லி வைங்க, மழைக்கு ரோடு அடைபட்டுடுச்சுன்னு மாத்திரை தீந்து போக விட்டுடக் கூடாது, ஒரு வாரத்துக்காவது கையிருப்பு இருக்கணும்.

சலிக்கும்போது ஒண்ணு சிக்கும் பாருங்க, கேஸ் மாத்திரை. பேன்டோபிரசோலோட லெவோசல்பிரைடு சேந்தது, சாதாரண நெஞ்செரிச்சலுக்கு நம்ம ஆளுங்க வருஷக் கணக்கா முழுங்குறது. இந்த லெவோசல்பிரைடே கை நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டு வரும், இருக்குற பார்கின்சனையும் கூட்டும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, தலைசுத்தலுக்கு ஸ்டெமெடில், சின்னரிசின், இதெல்லாமும் அதே கூட்டம். இதை சீட்டுலேருந்து நீக்கிட்டாலே சில பேருக்கு பார்கின்சன் மருந்தே கொறைய வாய்ப்பிருக்கு, சில பேருக்கு அது பார்கின்சனே இல்ல, மாத்திரையால வந்த நடுக்கம்னு தெரிய வரும். இதைவிட பெரிய விலை கொறைப்பு எந்தக் கடையிலயும் கிடையாது.

காசு செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. லெவோடோபாவ சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி வெறும் தண்ணில போடணும். மீன் குழம்பு, முட்டை, தயிர் சாதம் சாப்பிட்ட கையோட போட்டா அந்த புரதமும் மாத்திரையும் உள்ள போறதுக்கு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், வாங்குன மாத்திரை சரியா பலிக்காது. ஆரம்பத்துல குமட்டுச்சுன்னா ஒரு பிஸ்கட்டோட போடலாம்.

போக்குவரத்தையும் செலவுல சேத்துக்குங்க. தஞ்சாவூருக்கு ஒரு நாள் வந்துட்டுப் போனா கூட வர்றவரோட ஒரு நாள் கூலியும் போச்சு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூணு இடத்துலயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, பக்கத்துல எதுவோ அங்க ஒரு தடவை காட்டி நோட்டு போட்டுட்டா லெவோடோபா இலவசமா வாங்கிக்கலாம், கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்டாக் இருக்கான்னு மட்டும் யாரையாவது விட்டு விசாரிச்சுக்கச் சொல்லுங்க. நடுவுல வர்ற செக்கப்ப நீங்களே பண்ணிடுங்க தம்பி, பிரஷர நிக்க வச்சும் பாத்து எழுதி அனுப்புனா நரம்பு டாக்டருக்கு அது போதும்.

கேள்வி: அப்பா ரிட்டயர்ட் வாத்தியார், மயிலாடுதுறை. மூணு மாத்திரை போடுறாங்க. மக்கள் மருந்தகத்துல (மத்திய அரசோட மலிவு விலை மருந்துக் கடை) வாங்குனா பலிக்காதுன்னு பக்கத்து வீட்டு அண்ணன் பயமுறுத்துறாரு. வாங்கலாமா சார்?

பதில்: வாங்கலாம்மா. மக்கள் மருந்தகமோ, 2025 பிப்ரவரில தமிழ்நாடு பூரா தொறந்த முதல்வர் மருந்தகமோ, எங்க வாங்குனாலும் உள்ள இருக்குற மருந்து அதேதான். ஆனா லெவோடோபா மாத்திரைல பேரை விட அட்டைல போட்டிருக்குற நம்பரை பாத்து வாங்கணும். 110ன்னா லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. 125ன்னா 100க்கு 25. 275ன்னா 250க்கு 25. ஒரு நாளைக்கு கார்பிடோபா மொத்தமா எழுபது மில்லிகிராமாவது போனாத்தான் குமட்டல் அடங்கும், அதனால கடைக்காரர் "125 இல்ல, 110 வாங்கிக்க, ரெண்டும் ஒண்ணுதான்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. சி.ஆர்.னு போட்டிருக்குறது மெதுவா கரையுறது, பொடிச்சுக் குடுக்கக் கூடாது. கம்பெனி மாத்துனா மாத்துன தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சு ரெண்டு வாரம் அப்பாவைக் கவனிங்க, வித்தியாசம் தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாசத்துக்கொரு கம்பெனின்னு தாவ வேண்டாம். டாக்டர்கிட்ட கம்பெனி பேரா இல்லாம மருந்தோட பேரை இங்கிலீஷ் கேப்பிட்டல் எழுத்துல எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல, விதியே அப்படித்தான் சொல்லுது. 2025 செப்டம்பர் 22லேருந்து பெரும்பாலான மருந்துக்கு ஜி.எஸ்.டி. 12லேருந்து 5 சதவீதமா கொறைஞ்சிருக்கு, பில்லு கேட்டு வாங்குங்க.

கேள்வி: திருத்துறைப்பூண்டிலேருந்து எழுதுறேன். அம்மாவுக்கு முதல்வர் காப்பீட்டு கார்டு இருக்கு, அதுல மாத்திரை வாங்க முடியாதுன்னுட்டாங்க. வேற உதவி ஏதாச்சும் உண்டா?

பதில்: அந்த கார்டு ஆஸ்பத்திரில படுத்து செய்யுற சிகிச்சைக்கு, தினசரி மாத்திரைக்கு இல்ல. ஆனா இன்னொரு வழி இருக்கு, டாக்டர்ங்களே நிறைய பேர் சொல்றதில்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பார்கின்சனும் இருக்கு. 40 சதவீதம் பாதிப்புன்னு சான்றிதழ் கிடைச்சா அடையாள அட்டை வாங்கலாம், தமிழ்நாட்டுல பார்கின்சனுக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை திட்டமும் இருக்கு. கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு குடுங்க. போறதுக்கு முன்னாடி பாக்குற டாக்டர்கிட்ட ஒரு பேப்பர் வாங்கிக்குங்க: எந்த வருஷம் கண்டுபிடிச்சாங்க, மாத்திரை பலன் இருக்கும்போது எப்படி, இறங்குனதும் எப்படி, பட்டன் போட, கட்டில்லேருந்து எந்திரிக்க யார் உதவி வேணும், எல்லாம் அதுல வரணும். வெறும் "பார்கின்சன்"னு ஒத்தை வார்த்தை எழுதிக் குடுத்தா, அம்மா அன்னிக்கு மாத்திரை போட்டு நல்லா நடந்து வந்தாங்கன்னா, சதவீதம் கொறைஞ்சு போகும்.

கேள்வி: பூனைக்காலி பொடில இதே மருந்து இருக்காமே, மாத்திரைக்குப் பதிலா அதைக் குடுக்கலாமா? பட்டுக்கோட்டை வாசகர்.

பதில்: இருக்கறது நெசம், பூனைக்காலி விதைல லெவோடோபா இருக்கு. எவ்வளவுன்னுதான் டப்பாவுக்கு டப்பா மாறும், கார்பிடோபாவும் கிடையாது. மாத்திரையோட சேத்து குடிச்சா டோஸ் ஏறி கையும் தலையும் தானா ஆடும், குடிச்சிட்டு இருந்ததை திடீர்னு நிறுத்துனா உடம்பு கட்டையாயிடும். ஏற்கனவே குடுத்துட்டு இருந்தீங்கன்னா நீங்களா நிறுத்தாதீங்க, ஒளிக்கவும் வேண்டாம், அடுத்த தடவை போகும்போது அந்த டப்பாவையும் மாத்திரை அட்டையோட டாக்டர் மேசைல வைங்க.