பில்லில் யார் பெயர் இருக்கிறது?

ஆன்லைனில் வாங்கிய எலக்ட்ரானிக்ஸ், அதன் வாரண்டி: இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதுதான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 5 மாதத்துக்கு முன் புதியது என்று சொல்லித்தான் லேப்டாப்பை விற்றார்கள். இப்போது திரை திடீர் திடீரென்று அணைகிறது. சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது" என்கிறார்கள். என்னிடம் பில் இருக்கிறது. யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி

பதில்: இரண்டு விதமாக நடந்திருக்கலாம். லேப்டாப் நீண்ட நாள் கிடங்கில் கிடந்திருக்கும். கம்பெனியின் கணக்கில் அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே வாரண்டி ஓடத் தொடங்கியிருக்கும். அப்படியானால் பிரச்சினை சிறியதுதான். பில்லை அனுப்பி, வாங்கிய தேதிக்கு வாரண்டியை மாற்றித் தரும்படி கம்பெனிக்கே எழுதுங்கள். தளத்தில் உங்களுக்கு விற்ற செல்லர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவராக இருந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

இன்னொன்று, வேறொருவர் பயன்படுத்தியதைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டு உங்கள் தலையில் கட்டியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எஸ்எஸ்டி, அதாவது தகவலைச் சேமிக்கும் பாகம், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆனது என்ற கணக்கெல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. 5 மாதம் இரவு பகலாக அணைக்காமல் ஓட்டினாலும் 3,700 மணி நேரத்தைத் தாண்டாது. உங்கள் திரையில் 6,000 என்று காட்டினால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செல்லருக்கும் தளத்துக்கும் ஒரே நாளில் எழுத்தில் அனுப்புங்கள். அப்போது இது வாரண்டிப் பிரச்சினையே இல்லை. பழையதைப் புதியது என்று விற்ற மோசடி. ரிப்பேர் செய்து தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுப் பணத்தையும் கேளுங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் விலையைக் குறைத்துத் தருவதாக செல்லர் மெசேஜ் அனுப்புகிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. நாலு முறை ஏற வேண்டும் அல்லவா? மூன்று முறைகூட முழுசாக ஏறவில்லை. போலியா? வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: போலி இல்லை, மாற்றித் தரவும் மாட்டார்கள். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்லும் கணக்கு. மொத்தம் 74 வாட்-மணி. உங்கள் போனுக்கு ஒரு முறை நிரம்ப ஏறக்குறைய 19 வேண்டும். பவர் பேங்க் 5 வோல்ட்டுக்கு உயர்த்தித் தரும்போதும், போன் அதைத் தன் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி இறக்கிக்கொள்ளும்போதும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் நல்ல சரக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று, உண்மையில் வெளியே கிடைக்கும் அளவாக ஓர் எண் போட்டிருப்பார்கள், அடுத்த முறை அதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு முறைகூட ஒழுங்காக ஏறவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அது வேறு கதை.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் பெரிய டிவி வாங்கினேன். தளத்தில் '1 வருட வாரண்டி' என்றுதான் இருந்தது. ஏழாவது மாதம் திரையின் நடுவில் பச்சைக் கோடு விழுந்தது. கம்பெனியில் கேட்டால், "இது வேறு நாட்டுச் சந்தைக்குப் போன மாடல், இங்கே வாரண்டி இல்லை" என்கிறார்கள். செல்லர் போனை எடுப்பதில்லை. தளத்தில் கேட்டால், "நாங்கள் இடைத்தரகர் மட்டும்தான்" என்கிறார்கள். நான் எங்கே போவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. '1 வருட வாரண்டி' என்று போட்டவர்கள் அதை யார் தருகிறார்கள் என்று வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு நெடுநாளாக ஆத்திரம் இதன் மேல்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தளத்தில் பொருளின் படம் பெரிதாக இருக்கும், கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும், தள்ளுபடி கண்ணைப் பறிக்கும். விற்பவரின் பெயர் மட்டும் கடைசியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கும். ஆனால் பில் அந்தப் பெயரில்தான் வருகிறது. நாம் வாங்குவது தளத்திடமும் இல்லை, கம்பெனியிடமும் இல்லை, அந்தப் பொடி எழுத்துக்காரரிடம். அவர் தருவது கம்பெனி வாரண்டியா, அல்லது 'செல்லர் வாரண்டி' என்ற அவருடைய சொந்த வாக்குறுதியா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. செல்லர் வாரண்டி என்றால், அவர் கடையை மூடும் நாளில் வாரண்டியும் முடிந்தது. நான் வாங்கிய ஒரு கேமரா லென்ஸ் அப்படித்தான் போயிற்று. ஃபோகஸ் மோட்டார் நின்ற அன்று தேடினால், விற்றவரின் பக்கமே தளத்தில் இல்லை. கம்பெனி காசு வாங்கிக்கொண்டுதான் சரிசெய்து தந்தது.

ஆனால் ஐயா, கம்பெனி தரும் வாரண்டி வேறு, சட்டம் விற்பவர் மேல் போட்டிருக்கும் பொறுப்பு வேறு. வாரண்டி அட்டை இல்லாவிட்டாலும் இரண்டாவது போய்விடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் புதுப் பொருளுக்கு விற்பவர் குறைந்தது 2 ஆண்டுகள் பொறுப்பு. சிங்கப்பூரில் 2012 முதல், 6 மாதத்துக்குள் தெரியும் குறையை விற்கும்போதே இருந்த குறையாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, தளம் விற்பவரின் பெயர், முகவரியைக் காட்டியாக வேண்டும். தளத்துக்கு என்று ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "இடைத்தரகர் மட்டும்தான்" என்று கைகழுவுகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் எழுத வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: விற்பனைப் பக்கத்தை, '1 வருட வாரண்டி' என்ற வரி தெரியும்படி இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கு அந்த வரி இருக்காது. வாரண்டி இல்லை என்பதைக் கம்பெனியிடம் மின்னஞ்சலில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். இரண்டையும் பில்லோடு சேர்த்து, விற்றவரின் முகவரிக்கும் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் அனுப்புங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. பதில் வராவிட்டால் நுகர்வோர் மன்றம். எழுத உதவி வேண்டுமானால் எனக்கு ஒரு வரி போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: ஹெட்போன் ஆர்டர் செய்தேன். வேலை மும்முரத்தில் பெட்டியை 3 வாரம் கழித்துத்தான் திறந்தேன். உள்ளே வேறு மாடல். 7 நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அநியாயம் இல்லையா?

பதில்: மாற்றி அனுப்பியது அநியாயம்தான். ஆனால் 3 வாரம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தது யார்? இதே கதை மாதாமாதம் வருகிறது, நானும் மாதாமாதம் சொல்கிறேன். பெட்டி வந்த அன்றே பிரியுங்கள். பிரிக்கும்போது ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள்: முகவரிச் சீட்டு, ஒட்டியிருக்கும் டேப், உள்ளே வரும் பொருள், அதன் சீரியல் நம்பர், எல்லாம் வெட்டில்லாமல் வர வேண்டும். போன் என்றால் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்து, வரும் 15 இலக்க எண்ணும் பெட்டியில் அச்சிட்ட எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

சரி, இப்போது ஒரு வழி. முகவரிச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தால் அதில் பார்சலின் எடை இருக்கிறதா பாருங்கள். நீங்கள் கேட்ட மாடலின் எடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். ரிட்டர்ன் என்று கேட்காதீர்கள், 'கேட்ட பொருளே வரவில்லை' என்று புகார் செய்யுங்கள்.

கேள்வி: போனைத் தண்ணீரில் போட்டதே இல்லை. சர்வீஸ் சென்டரில் 'ஈரம் பட்டிருக்கிறது, வாரண்டி செல்லாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விளம்பரத்தில் ஐபி68 என்று போட்டு, தண்ணீருக்குள் போனைக் காட்டுகிறார்களே?

பதில்: தம்பி, ஐபி68 என்பது தூசையும் தண்ணீரையும் தாங்கும் திறனுக்கான தரக்குறி. அதற்கான சோதனை ஆய்வுக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில், புது போனை வைத்துச் செய்வது. விளம்பரத்தில் தண்ணீரைக் காட்டுகிற பல கம்பெனிகளே வாரண்டி விதிகளில் 'ஈரத்தால் வரும் பழுது சேராது' என்று எழுதிவைத்திருக்கின்றன. எனக்கும் இது பொறுக்கவில்லை. ஆனால் வாயால் சொன்னதை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள். பல போன்களில் சிம் தட்டு போகும் துளைக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பட்டை இருக்கும். ஈரம் பட்டால் சிவப்பாகும். டார்ச் அடித்து நீங்களே பாருங்கள், படம் எடுங்கள். வெள்ளையாகவே இருந்தால் அந்தப் படத்தோடு திரும்பப் போய், மறுப்பதற்கான காரணத்தை ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸ் சென்டர் தரும் பழுது விவரச் சீட்டில், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அதையே புகாராக அனுப்புங்கள்.

கேள்வி: ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும் என்று கேம் கன்சோலில் ஒட்டியிருக்கிறது. தூசு தட்டத் திறக்கலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, இப்படி மிரட்டக் கூடாது என்று 2018-இல் அரசின் வணிக ஆணையமே 6 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மற்ற இடங்களில் வாரண்டி முடியும்வரை தொடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

பதில்: யார் தருகிறார், எந்தத் தேதியில் தொடங்குகிறது, கீழே விழுந்தால் சேருமா: மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் யோசிக்கலாம்.

கேள்வி: டிவி வந்த மறுநாளே 'வாரண்டியைப் பதிவு செய்யுங்கள்' என்று ஒரு லிங்க் வந்தது. கார்டு நம்பரும் ஓடிபியும் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வாரண்டிப் பதிவுக்குக் கார்டு நம்பர் தேவையே இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இதைப் படித்து முடிப்பதற்கு முன் வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்குங்கள்.