கிராப் சென்சாரிலிருந்து (சின்ன சென்சார் கேமரா) ஃபுல் ஃப்ரேமுக்கு (35 எம்எம் ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) மாறிவிட்டேன். கையில் 50 எம்எம் இருக்கிறது. அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்?

உங்களிடம் பழைய 18-55, ஒரு 70-300, அப்புறம் இந்த 50 எம்எம் எஃப் 1.8 இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். (எம்எம் கூடக்கூடக் காட்சி குறுகிக் கிட்டே வரும். எஃப் எண் குறையக்குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் வரும்.) இந்நேரம் யாராவது 16-35, 24-70, 70-200 என்று மூன்று எஃப் 2.8 ஜூம்களை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் மாறியபோது எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. அது சரியான முடிவு என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

முதலில் கையில் இருப்பது என்ன ஆனது என்று பாருங்கள். கிராப் பாடியில், அதாவது உங்கள் பழைய கேமராவில், இந்த 50, ஏறக்குறைய 75 எம்எம் அளவுக்குத்தான் காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தது. கேனான் என்றால் 80. இப்போது அது முழு 50. ஒருவரை நெஞ்சு வரைக்கும் எடுக்க நீங்கள் பழகிய அதே தூரத்தில் நின்றால் இடுப்பு வரை வரும், பக்கத்தில் நிற்பவரின் தோளும் சேர்ந்து வரும். கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும். லென்ஸ் முன்ன மாதிரி இல்லை என்று பலர் புலம்புவது இதனால்தான். உங்களுக்குக் குறைவது அந்தப் பழைய 75. அதற்குப் பக்கத்தில் இருப்பது 85.

நான் அடுத்து வாங்கியது 85 எஃப் 1.8. நண்பர்கள் நடத்தும் நாடகக் குழுவுக்குப் படம் எடுப்பேன். மேடையில் ஒற்றை மஞ்சள் விளக்கு எரியும், மற்றதெல்லாம் இருட்டு. 70-300-இல் அதே 85 அளவில் எஃப் 4.5-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும்) 12800 வைத்தால்தான் நடிப்பவர்களின் கை அசைவு உறையும். புது லென்ஸை முழுக்கத் திறந்தபோது அதே ஷட்டர் ஸ்பீடுக்கு 2000 போதுமாக இருந்தது. நடிகை கடிதத்தைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்த இடத்தில் ஒரு படம் எடுத்தேன். கண்ணோரத்தில் கலைந்த மை தனித்தனி இழையாகத் தெரிந்தது, காதுக்கு அப்பால் எல்லாம் கரைந்திருந்தது. 70-200 எஃப் 2.8 வைத்திருந்த இன்னொருவரும் அன்று வந்திருந்தார். குழு போஸ்டருக்கு எடுத்துக்கொண்டது என் படத்தை. அதில் எனக்குப் பெருமைதான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். 85-ஐ எஃப் 1.8-இல் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் 3 சென்டிமீட்டர் சொச்சம்தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவாகவும் மற்றொன்று மங்கலாகவும் வரும். இரண்டு பேரை எடுக்கும்போது எஃப் 4-க்காவது போய்விடுங்கள்.

உடனே கல்யாணம் எடுப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு 24-70 எஃப் 2.8 வேண்டும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் கேள்வி கேட்டவர் தொழிலுக்கு எடுக்கிறேன் என்று சொல்லவில்லையே.

அந்தப் போஸ்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குழு என் பெயரைப் போட்டார்கள். பிறகு வேறொரு அமைப்பு அதே படத்தை எடுத்து, என் பெயர் இருந்த மூலையை வெட்டிவிட்டுத் தங்கள் அழைப்பிதழில் போட்டுக்கொண்டது. கேட்டதற்கு, “நல்ல கேமரா வச்சிருக்கீங்க, இன்னொண்ணு எடுத்துக்க மாட்டீங்களா?” என்றார்கள். கேமராவா இருட்டில் காத்திருந்தது? ஒத்திகைக்குப் போய் அந்தக் காட்சி எப்போது வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டது நான். பெயர் போட ஒரு வரி இடம்கூடவா இல்லை? இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, உங்கள் மற்ற லென்ஸ்கள். 18-55 கேனான் இஎஃப்-எஸ் (கேனானின் கிராப் கேமரா லென்ஸ்) என்றால் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. நிக்கான் டிஎக்ஸ் (நிக்கானின் கிராப் லென்ஸ்) என்றால் மாட்டும், ஆனால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் கிராப் மோடில் 24 மெகாபிக்சல் 10 சொச்சமாகிவிடும். அதை விற்றுவிடலாம். பறவை எடுப்பவராக இருந்தால் பழைய பாடியை விற்காதீர்கள். 300 எம்எம் அதில் 450 போல எட்டும், புதியதில் எட்டாது. அகலமான லென்ஸுக்கு அவசரமே இல்லை. பழைய படங்களின் எக்ஸிஃப் விவரத்தை (கேமரா படத்தோடு பதிந்துவைக்கும் எம்எம், ஷட்டர் போன்ற தகவல்) திறந்து, 18-இல் எத்தனை எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அது ஃபுல் ஃப்ரேமில் 27, கேனானில் 29. அங்கேயே நிறைய இருந்தால் 24 அல்லது 28 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

85 எஃப் 1.8 செகண்ட் ஹேண்டில் நிறைய வரும். வாங்குமுன் அபர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துவாரம்) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. கண்ணாடிக்குள் நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.