டெக் லீட் (டீமின் தொழில்நுட்பத் தலைவர்) ஒருவரே முடிவெடுக்காமல், புரோகிராமர் டீம் முழுதும் சேர்ந்து முடிவெடுப்பது நடைமுறையில் சாத்தியமா? எப்படி?

சாத்தியம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு என்று ஆரம்பித்தால் ஒரே மாதத்தில் எல்லாரும் சலித்துப்போவார்கள்.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி சாப்ட்வேர் ஃபவுண்டேஷனின் வழக்கத்தைப் பாருங்கள். அங்கே அன்றாட மாற்றங்களுக்கு ஓட்டே கிடையாது. செய்யப்போவதை எழுதி அனுப்புவார்கள். குறித்த நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் வேலை தொடங்கும். கோடு மாற்றத்துக்கு உரிமையுள்ள ஒருவர் -1 (மறுப்பு ஓட்டு) போட்டால் அது நின்றுவிடும். தொழில்நுட்பக் காரணம் சொல்லாத -1 மட்டும் செல்லாது. ரிலீசுக்கு (புதுப் பதிப்பை வெளியிட) விதி வேறு: குறைந்தது மூன்று +1 (ஆதரவு ஓட்டு) வேண்டும், எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருக்க வேண்டும், தனி ஒருவரால் தடுக்க முடியாது. ஓட்டு பொதுவாக 72 மணி நேரமாவது திறந்திருக்கும்.

ஏழெட்டுப் பேர் உள்ள டீமுக்கு இதைச் சுருக்கிக்கொள்ளலாம். பின்னால் எளிதில் மாற்ற முடியாத முடிவுகளுக்கு மட்டும் (டேட்டாபேஸ், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐ-யின் வடிவம், புது ஃபிரேம்வொர்க்) ஒரு பக்கம் எழுதுங்கள்: பிரச்சினை என்ன, பரிந்துரை என்ன, எந்த மாற்று வழிகளை ஏன் ஒதுக்கினோம், தவறினால் எப்படித் திரும்புவது. அதைக் கோடு இருக்கும் ரெபாசிட்டரியிலேயே புல் ரிக்வெஸ்ட்டாக (மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் மாற்றக் கோரிக்கையாக) போட்டு மூன்று வேலை நாள் விடுங்கள். இழுபறியானால் கடைசிச் சொல் யாருடையது என்பதும் அதிலேயே இருக்கட்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால், கடைசியில் யாருக்குக் குரல் பெரிதோ அவர் நினைத்ததுதான் நடக்கும்.

பெரும்பாலும் கோளாறு விதியில் இருக்காது. உதாரணமாக, பில்லிங் மாடுல் (மென்பொருளில் பில் போடும் பகுதி) ஒருவருக்கு மட்டும் தெரியும் என்றால், நீங்கள் என்ன விதி எழுதினாலும் அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். மற்றவர்களின் மௌனத்தைச் சம்மதமாக எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்கு மறுக்கும் அளவுக்கு விஷயம் தெரியாது. எனவே அந்த மாடுலில் வரும் அடுத்த சில பக்-களை வேறொருவருக்குக் கொடுங்கள். தெரிந்தவர் பக்கத்தில் உட்காரலாம், ரிவ்யூ செய்யலாம், கீபோர்டை மட்டும் தொடக்கூடாது. முதலில் வேகம் குறையும், மேனேஜர் முணுமுணுப்பார். அதை ஸ்பிரிண்ட் (ஓரிரு வார வேலைச் சுற்று) திட்டத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புரோகிராமர்கள் கூடிக் கற்கும் நியூயார்க்கின் ரிகர்ஸ் சென்டரில் ஒரு விதி உண்டு: "இதுகூடவா தெரியாது?" என்று வியப்புக் காட்டக்கூடாது. அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒருமுறை அப்படிக் கேட்கப்பட்ட ஜூனியர் அதற்குப் பிறகு ரிவ்யூவில் வாய் திறப்பதில்லை. மீட்டிங்கில் சீனியர் கடைசியில் பேசுவதும் இதற்காகத்தான்.

இன்னொரு தடை அப்ரைசல். ரேட்டிங் போடுபவரின் டிசைனுக்கு யாரும் மனமுவந்து -1 போடமாட்டார்கள். ஸ்பெயினின் ஆ கொருஞ்ஞாவில் 2001-இல் தொடங்கிய இகாலியா இந்த முடிச்சை வேரிலேயே அவிழ்த்தது: வெப்கிட், குரோமியம் போன்ற பிரவுசர் மென்பொருள்களில் வேலை செய்யும் அந்த நிறுவனத்துக்குத் தொழிலாளர்களே உரிமையாளர்கள், முடிவுகள் அவர்களுடைய பொதுக்கூட்டத்தில். நம் ஊர் சர்வீஸ் கம்பெனியில் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் டிசைனில் கடைசிச் சொல் உள்ளவரும் ரேட்டிங் எழுதுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஹெச்ஆர் ஒப்புதல்கூடப் பல இடங்களில் தேவைப்படாது.