களத்தில் இருக்கும் ராணுவப் பிரிவில் ஒழுங்கு இருக்கிறதா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் பூட்ஸின் பாலிஷைப் பார்க்க மாட்டேன். பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்ப்பேன்.

வடகிழக்கு மலையில் ஒரு மழைக்காலம். நாள் முழுக்க நனைந்து நடந்து போஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தோம். எல்லார் கண்ணும் டீ மேலேயே இருந்தது. ஒரு ஹவில்தார் மட்டும் "பெஹ்லே ஜூத்தா உதாரோ", அதாவது முதலில் ஷூவைக் கழற்று என்று தன் செக்‌ஷனை, அதாவது தன் கீழ் இருந்த சிறு குழுவை, உட்கார வைத்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொருவன் கால்விரல் இடுக்கையும் பிரித்துப் பார்த்தார். பாலிதீன் பையில் வைத்திருந்த காய்ந்த சாக்ஸை மாட்டச் சொன்னார். ஈர சாக்ஸைப் பிழிந்து சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். உடம்புச் சூட்டில் ஓரளவு காய்ந்துவிடும். பையன்கள் முனகினார்கள், ஆனால் செய்தார்கள். பக்கத்து செக்‌ஷன் டீ குடித்துவிட்டு பூட்ஸோடு படுத்தது. மூன்றாம் நாள் கால் வெளுத்து, தோல் உரிந்து என்னிடம் வந்த நான்கு பேரும் அந்த செக்‌ஷன் ஆட்கள்தான்.

அடுத்தது கக்கூஸ். சிரிக்க வேண்டாம். குழி தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறதா, போனவன் மண் தள்ளி மூடியிருக்கிறானா என்று பார்ப்பேன். இருட்டில் சோம்பல்பட்டு பங்கருக்குப் பின்னாலேயே உட்கார ஆரம்பித்தால், சீக்கிரமே எனக்கு வேலை வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-இல் பர்மா முனையில் காயம்பட்டு ஒருவர் வெளியேற்றப்பட்டால், நோயில் விழுந்து 120 பேர் வெளியேற்றப்பட்டார்கள். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை இருந்தது. ஆனால் அதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று ஒரு புரளி. அங்கே படைத் தளபதியாக இருந்த பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். மாத்திரை போட்டவர்கள் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் கமாண்டிங் ஆபீசரின் பதவி காலி. மூன்று பேரைத் தூக்கினார், மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. தண்டனை சிப்பாய்க்கு இல்லை, அவன் ஆபீசருக்குத்தான் பாருங்கள்.

சல்யூட்டை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். எதிரி பார்க்கும் இடத்தில் சல்யூட் அடித்தால், ஆபீசர் யார் என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி.

அப்புறம், ராத்திரி ரோந்து கிளம்பும் முன் எல்லாரையும் ஒரு தடவை குதிக்கச் சொல்வார்கள். ஏதாவது சத்தம் வருகிறதா என்று பார்க்கத்தான். ஒருமுறை என் மருந்துப் பையிலிருந்து கிளிங் என்றது. அப்போது நான் நாயக். என்னைவிட ரேங்க்கில் சின்னவனான ஒரு லான்ஸ் நாயக் பையன், ஒரு வார்த்தை பேசாமல் என் பையைத் திறந்தான். கத்தரிக்கோலை எடுத்துப் பேண்டேஜ் துணியில் சுற்றி உள்ளே வைத்தான். "இன்னொரு தடவை குதிங்க அண்ணே" என்றான். குதித்தேன்.