மருந்தும் படுக்கையும் மட்டும் போதுமா?

கேள்வி: மருத்துவ அறநெறி என்று கருத்தரங்கு மேல் கருத்தரங்கு நடத்துகிறார்கள். டாக்டர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா, படுக்கை கிடைக்குமா என்பதுதானே எங்கள் கவலை? இந்தப் பேச்சால் சுகாதாரத் துறைக்கு என்ன லாபம்?
– பெரம்பூர் வாசகர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு நம்பி வர ஆள் வேண்டுமே. நோயாளியின் சம்மதத்தைக் கேட்பது, அவர் ரகசியத்தைக் காப்பது, அவரை நியாயமாக நடத்துவது – இதுதான் மருத்துவ அறநெறி; நம்பிக்கை அதில்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கையை எப்படிக் கெடுப்பது என்பதற்கு நம் சென்னையிலேயே உதாரணம் உண்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், இங்கேதான். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து அரசுக் காப்பகத்தில் வைத்திருந்த பெண்களின் ரத்தத்தில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த அந்த ஆய்வு மருத்துவத்துக்குப் பெரிய திருப்பம். அரசு அடுத்துச் செய்ததுதான் அநியாயம். தொற்று இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு, 1990-ல்தான் விடுதலை கிடைத்தது. பரிசோதனைக்குப் போனால் பூட்டி வைப்பார்கள் என்று தெரிந்தால் யார் தானாக வந்து கை நீட்டுவார்கள்? நோயை அடக்கப் போட்ட பூட்டு, நோயாளியை ஒளிய வைத்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் வர 2017 ஆனது.

இன்றைக்கு மட்டும் என்ன? ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, வராண்டாவில் பாய் விரித்திருக்கும் மகனிடம் ஒரு சம்மதத் தாளை நீட்டி, “இங்கே ஒரு கையெழுத்து” என்கிறார்கள். படிக்க வெளிச்சமும் இல்லை, அவகாசமும் இல்லை. உள்ளே நல்ல நினைவோடு படுத்திருக்கும் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமானால், 2019 விதிகளின்படி சோதனைக்கு உட்படுபவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும், குறைந்தது 7 பேர் கொண்ட நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதில் சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம். பாதிப் பேராவது வெளியாட்களாக இருக்க வேண்டும். சரி, லட்சக்கணக்கானவர்களைத் தொடும் ஓர் அரசுத் திட்டத்துக்கு? அப்படி ஒரு குழுவைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம், சந்தேகமே வேண்டாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் பக்கத்து வீடுகள் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் வைத்தே நோயைப் பற்றிப் பேசலாமா? எழுதிக்கொள்ளும் விவரத்தை நாளைக்கு யார் யார் பார்க்கலாம்? இதையெல்லாம் திட்டத்தின் வரைவை எழுதும்போதே கேட்க வேண்டும். கேட்பதற்கு, மாத்திரை வாங்கப்போகிற ஒருவரும் அதிகாரிகளோடு அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.