மைசூருவில் முதல் நாளே திரும்பிய தம்பிக்கு

தம்பி, மைசூரு விமானப்படைத் தேர்வு வாரியத்தில் முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள், விமானி ஆகும் ஒரே வாய்ப்பும் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. வாழ்நாளில் ஒரே முறை என்ற விதி, கணினிவழி விமானித் தேர்வான சி.பி.எஸ்.எஸ்.ஸுக்கு உரியது. முதல் நாளில் வெளியேறியவர் அந்தத் தேர்வில் உட்காருவதே இல்லை. அது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, நிம்மதியாக இருங்கள்.

முதல் நாள் வடிகட்டும் தேர்வில், அரை நிமிடம் காட்டும் மங்கலான படத்துக்கு 4 நிமிடத்தில் கதை எழுதுவது பலருக்கும் வந்துவிடுகிறது. சறுக்குவது அதன்பின் அந்தப் படத்தைப் பற்றி நடக்கும் குழு விவாதத்தில்தான். "எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், நான் வாயே திறக்கவில்லை" என்கிறீர்கள். நீங்களும் கத்த வேண்டாம். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் நுழைந்து, படத்தில் எத்தனை பேர், என்ன செய்கிறார்கள் என்று இரண்டே வாக்கியம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் திக்கினால் திக்கட்டும். பேசாத ஒருவரை எதை வைத்து மதிப்பிடுவார்கள்? தினமும் நான்கு நண்பர்களோடு ஒரு படத்தை வைத்துச் சத்தமாகப் பேசிப் பழகுங்கள்.

வயதுதான் எனக்குக் கவலை. விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவில் சேர, பயிற்சி தொடங்கும்போது 20 முதல் 24 வயதுக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 23 முடியப்போகிறது. அடுத்த அறிவிப்பைத் தவறவிடாதீர்கள்.